எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போனவள்

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடியும் சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள். இந்த வீட்டில் இதுவரை மூன்று பண்ணையார்கள் செத்திருக்கிறார்கள், நான்கு கல்யாணங்கள் தாலி கட்டும் நேரத்தில் நின்றிருக்கின்றன, ஒரு நாட்டாமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் வைத்திருப்பவர்களுக்கு இது தலைவிதி. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பேசிக்கொள்வார். அவர் போய் மூன்று வருஷமாக இந்தக் கூத்தையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தமுறை டைரக்டர் பெயர் நிரஞ்சன். வயது முப்பதுக்குள், தாடி மட்டும் அறுபதுக்கு. வந்ததும் காலில் விழப் பார்த்தான். நகர்ந்துகொண்டேன். மெட்ராஸ்காரன் காலில் விழுந்தால் எதையோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

"என்ன கதைங்க தம்பி?"

"லவ் ஸ்டோரிம்மா. ஒரு பஸ் டிரைவருக்கும் ஒரு திருநங்கைக்கும். ஆனா உள்ளுக்குள்ள பாத்தீங்கன்னா அது ஒரு அம்மாவோட கதை."

எல்லாச் சினிமாவும் உள்ளுக்குள் அம்மா கதைதான். வெளியே விற்காததை உள்ளே அம்மாவை வைத்து விற்பார்கள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டான்.

"மாடு ரெண்டு இருக்குது" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இந்த டைரி தேங்காய் மண்டிக்காரன் வருஷா வருஷம் கொடுப்பது. பால் கணக்குக்குத்தான் வைத்திருக்கிறேன். பேச ஆளில்லாத வீட்டில் கணக்கு நீண்டுவிடுகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் செவலை கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு லைட் வண்டிக்குள் புகுந்துவிட்டது. அதைப் பிடிக்க ஆறு பேர் ஓடினார்கள். ஆறு பேருக்கும் மாட்டைப் பிடிக்கத் தெரியவில்லை, ஆனால் படத்தில் கிராமத்தைக் காட்டப் போகிறார்கள்.

கதாநாயகியாக நடிப்பது மெர்லின் என்று ஒன்று. தூத்துக்குடியாம். நிஜமாகவே அந்த மாதிரிதான். நல்ல உயரம், நல்ல நிறம், பேச்சுதான் வாசல் வரைக்கும் கேட்கிறது. என் வீட்டில் வேலை செய்கிற பொன்னாத்தா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். போய்ச் சாணி எடு என்று விரட்டினேன்.

மத்தியானம் அது சமையல்கட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்டது. பழைய டம்ளரில் கொடுக்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டு கேட்கிறது:

"அம்மா, வாய் வச்சிக் குடிக்கணுமா, தூக்கிக் குடிக்கணுமா? வீட்டுக்கு வீடு சட்டம் மாறுது, அதான் கேக்கேன்."

"எப்புடியோ குடி. கீழ சிந்தாமக் குடி."

வாய்த்துடுக்கு. தூக்கித்தான் குடித்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

வாழைத்தார் ஒன்றைக் காணோம். லைட் பையன்கள்தான். பால் எப்போதும்போல்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று காதல். மாட்டுச்சாளை ஓரத்தில் டிரைவர் அவளிடம் மனசைத் திறக்கிறானாம். டிரைவராக நடிப்பவனுக்கு பஸ்ஸை ஸ்டார்ட் செய்யக்கூடத் தெரியாது. இருந்தாலும் மனசைத் திறக்கத் தெரிந்திருக்கிறது, அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. "எங்க வீட்ல எனக்குத் தட்டைத் தனியா வெச்சுட்டாங்க. பரவால்ல, உன்கூட ஒரே தட்டுல சாப்பிட்டுக்கறேன்" என்றான். மேக்கப் பெண் மூக்கை உறிஞ்சினாள். கேமராக்காரன் கண்ணைத் துடைத்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மெர்லின் உட்கார்ந்த பாயில் ஒருத்தனும் உட்காரவில்லை. அழுதவன் எல்லாம் தள்ளிப்போய் டிபன் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிட்டான்.

டைரக்டரிடம், "இதையெல்லாம் ஆரு எழுதறது?" என்று கேட்டேன்.

"ரைட்டர் ஒருத்தங்க இருக்காங்கம்மா. அவங்களும் திருநங்கைதான். அவங்க எழுதுனதுல நான் ஒரு வரி மாத்தறதில்ல."

"இங்க வரலியா?"

"எல்லா லொக்கேஷனுக்கும் வந்தாங்க. இங்க மட்டும் வர மாட்டேன்னுட்டாங்க. இந்த வீட்டைக் கேட்டுப் பாருங்கன்னு சொன்னதே அவங்கதான்."

எத்தனையோ படத்தில் வந்த வீடு. யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

இன்று கறுப்பு மாடு சரியாகக் கறக்கவில்லை. எனக்குக் கை ஓடவில்லை, அதைச் சொல்லிக் குற்றமில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

எழவுக் காட்சி. கதைப்படி அப்பா செத்துப்போகிறார். வீட்டை விட்டுப் போன பிள்ளை, இப்போது மகளாக, கேட்டு வரைக்கும் வருகிறாள். வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சில் ஒரு ஆளைப் படுக்கவைத்துப் பிணமாக்கினார்கள். என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்த அதே இடம். என்னைக் கேட்டா வைத்தார்கள்? வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். பிணம் நடுவில் எழுந்து டீ குடித்தது.

அம்மாவாக நடிக்க ஒரு சீரியல்காரி வந்திருக்கிறாள். விதவைக்கோலத்தில் புருவத்தைத் திருத்திக்கொண்டு வந்து நின்றாள். கேட்டில் நிற்கிற மகளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வேலைக்காரியிடம் ஒரு வசனம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேலை.

"வாசல்ல நிக்கறவங்களுக்குத் தண்ணி குடுத்து அனுப்பு."

கையில் பால் சொம்பு இருந்தது. கீழே வைத்துவிட்டேன். கனமாக இருந்தது.

சீரியல்காரி அதைச் சொல்லும்போதெல்லாம் அழுகிறாள். டைரக்டர் அழக்கூடாது என்கிறான். அவள் மறுபடியும் அழுகிறாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "சார், எந்த அம்மாவாவது பெத்த பிள்ளையப் பாத்து இப்படிப் பேசுவாளா? டயலாக்கே தப்பா இருக்கு" என்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

டைரக்டர் என் பக்கம் திரும்பினான். "அம்மா, இந்த ஊர்ப் பேச்சுல இது எப்படி வரும்? ஒரு தடவ சொல்லிக் காட்டறீங்களா?"

எனக்கென்ன வந்தது? சொன்னேன். கேட்டைப் பார்க்காமல், பொன்னாத்தாவைப் பார்த்து, "வாசல்ல நிக்கறவங்களுக்குத் தண்ணி குடுத்து அனுப்பு" என்றேன். அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. வெயிலில் வந்தவர்களுக்குச் சொல்வது மாதிரிதான் சொல்ல வேண்டும்.

பிணமாகப் படுத்திருந்தவன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். கேட்டில் நின்ற மெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஐயோ அம்மா, நீங்களே நடிச்சிருக்கலாம்" என்றான் அந்தத் தாடிக்காரன். பொன்னாத்தா உள்ளே போய்விட்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

காலையிலேயே பொன்னாத்தாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எவங்கிட்ட என்ன சொன்ன?"

"நா ஆருகிட்டயும் ஒண்ணும் சொல்லலீங் அம்மிணி."

"அப்பறம் சினிமாக்காரனுக்கு எப்புடித் தெரியும்?"

"அன்னிக்கு அந்தப் பேச்சுல இருந்தது மூணு பேருங். சொன்னது நீங்க. தண்ணி கொண்டுபோனது நானு. மூணாவது ஆளு எதுக்கு மறக்குங்?" பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். "அந்தப் புள்ளை தண்ணியப் பூராக் குடிச்சுதுங். வெளிக்குழாயில டம்ளரக் கழுவுச்சு. மதிலு மேல கவுத்து வெச்சுட்டு..."

"போய்ப் பருத்திக்கொட்டையை ஆட்டு" என்றேன். வேலைக்காரிக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான்.

பத்து மணிக்கு அடுத்த காட்சி. மெர்லின் தண்ணீரைக் குடிக்கிறாள். குழாயில் டம்ளரைக் கழுவுகிறாள். மதில்மேல் கவிழ்த்து வைக்கிறாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டு வலி. பிறகு அவள் பந்தலைப் பார்த்துச் சத்தமாக, "போயிட்டு வர்றேன்ங்கம்மா" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, "எழவு வீட்ல எவடி சொல்லிட்டுப் போவா?" என்று கத்திவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கட், கட் என்று ஒரே அமளி.

டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மெர்லின்தான் விளக்கினாள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும், போயிட்டு வர்றேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அவன் பதறிவிட்டான். இப்படிப்பட்ட தப்பு படத்தில் வந்தால் ஊர் சிரிக்கும் என்று ரைட்டருக்குப் போன் போட்டான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாது.

பேசுவதற்கு முன் ஒரு சின்னக் கனைப்பு. பிறகு குரல்.

"தப்பில்ல சார். சொல்லக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றா. சொல்லாமப் போனா எழவுக்கு வந்தவளாப் போயிருவா. சொல்லிட்டுப் போனாத்தான் அந்த வீட்டு மக."

டைரக்டர் தாடியைச் சொறிந்தான்.

"அங்க கத்துனது யாரு சார்?" என்று கேட்டது குரல்.

"ஹவுஸ் ஓனர் அம்மா."

லைன் போய்விட்டது என்று டைரக்டர் போனைத் தட்டிப் பார்த்தான்.

"அவங்க சொன்னது சரிதான் சார். ஆனா மாத்தாதீங்க."

யாரோ ஒரு பொம்பளைக் குரல். எனக்கென்ன. தொண்டையில் டான்சில் வீங்கினவர்கள் எல்லாருமே பேசும்முன் அப்படித்தான் கனைப்பார்கள்.

சொல்லக்கூடாததைச் சொன்னால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் வழக்கம். அன்றைக்கும் அதுதான் வழக்கம்.

பிப்ரவரி 14, வெள்ளி

புண்ணாக்கு வாங்க டவுனுக்குப் போனேன். வீட்டில் இரண்டு மூட்டை இருக்கிறதே என்று பொன்னாத்தா கேட்டாள். விலை ஏறப்போகிறது என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் ஷூட்டிங். இதுதான் கடைசிக் காட்சியாம். மகள் பஸ் ஏறிவிட்டாள். அவள் காதலன்தான் டிரைவர், நேரம் ஆகியும் வண்டியை எடுக்காமல் நிற்கிறான். கண்டக்டர் திட்டுகிறான், பயணிகள் கத்துகிறார்கள், அவன் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்போது எழவு வீட்டிலிருந்து அம்மா ஓடி வருகிறாள். காலில் செருப்பில்லை, தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது, கையில் சோற்றுப் பாத்திரம். புருஷன் பிணத்தைப் போட்டுவிட்டு ஒருத்தி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வருவாளாம்! வந்து ஜன்னல் வழியாக மகளுக்கு ஊட்டிவிடுவாளாம்!

கைதட்டினார்கள். டைரக்டர் அழுதான். சீரியல்காரியும் அழுதாள், இங்கே அழலாம் என்பதால் அவளுக்கு வசதி.

பச்சைப் பொய். ஒருத்தியும் ஓடவில்லை. ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஒப்பாரிக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் காத்திருந்தான். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் நடக்கும். அதைப் படமாக எடுத்தால் ஓடுமா?

அதுவும் பாத்திரத்தில் தயிர்ச்சாதம். தயிர் என்றாலே குமட்டுகிற பிள்ளைக்குத் தயிர்ச்சாதமா? எழுதியவளுக்கு வாய் எங்கே போயிற்று?

புண்ணாக்கு வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பந்தல் குழியை மூடவில்லை. வெளிக்குழாய் சொட்டுகிறது.

மெர்லின் சொல்லிக்கொள்ள வந்தாள். வாழைப்பழம் ஒரு சீப்பும் இளநீரும் கொடுத்தேன். வெறுங்கையோடு அனுப்பினால் ஊர்க்காரர்கள் கஞ்சம் என்பார்கள்.

"அம்மா, அன்னைக்கு அந்த வசனத்தச் சொல்லிக் காட்டுனீங்கள்லா?" என்றாள். "எங்க அம்மையும் அப்பிடித்தான் சொன்னா. வார்த்தை வேற. குரல் இதேதான்."

"உங்கம்மா இருக்காளா?"

"இருக்கா. போன் பண்ணுவேன். எடுப்பா, பேச மாட்டா. டிவி சத்தம் கேக்கும். கொஞ்ச நேரம் அதக் கேட்டுட்டு வச்சிருவேன்."

நல்ல அம்மா. எடுக்கவாவது செய்கிறாள் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"போயிட்டு வாரேம்மா" என்றாள். குழாயை மூட வேண்டியிருந்ததால் நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

தென்னைக்கு உரம் வைத்தது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

அவருக்கு மூன்றாம் வருஷச் சாமி கும்பிட்டோம். வடை, பாயசம், அவருக்குப் பிடித்த பூசணிக்காய்ப் பொரியல். படையல் போக இலை மூன்று போட்டேன்.

"உங்களுக்கொண்ணு, எனக்கொண்ணு. மூணாவது ஆருக்குங் அம்மிணி?" என்றாள் பொன்னாத்தா.

"காக்காய்க்கு."

"காக்காய்க்குக் கூரை மேலதானுங் வெப்பம்?"

இவளுக்கு வரவர வாய் அதிகமாகிவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

படம் வந்துவிட்டது. மில் மதில் முழுக்கப் போஸ்டர். "ஒவ்வொரு தாயும் பார்க்க வேண்டிய காவியம்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் பார்க்க வேறு வேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பொன்னாத்தா நச்சரித்ததால் போனேன். நம்ம வீட்டைப் பெரிய திரையில் பார்க்க வேண்டுமாம். நம்ம வீடு நம்ம வீடு மாதிரியே இருக்கிறது, அதற்கு டிக்கெட்.

தியேட்டரே அழுதது. இடைவேளையில் பாப்கார்ன் தின்றுகொண்டே அழுதார்கள். என் முன் வரிசையில் ஜவுளிக்கடை விசாலாட்சி, முந்தானையே நனைந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, "ஏனக்கா, அந்தப் புள்ளை பாவமுங்க. அதும் ஒரு உசுருதானுங்களே? இப்புடியுமா ஒரு அம்மா இருப்பா?" என்றாள்.

இதே விசாலாட்சிதான் அவர் செத்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். கேட்டைக் கண்ணால் காட்டி, "இதையெல்லாம் உள்ள விட்டா எங்க ஊட்டு ஆளுக பந்தல்ல நிக்க மாட்டாங்க, பாத்துக்குங்க" என்று என் காதில் ஓதியவள். இன்று திரையில் அதே கேட்டு, அதே பந்தல், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அங்கே ஒரு டிக்கெட்டும் இருட்டும் இருந்திருந்தால் அன்றைக்கும் அழுதிருப்பாள். தூ.

ஓதியதோடு அவள் வேலை முடிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் அம்மா ஓடி வருகிறாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எனக்கு வாயெல்லாம் கசந்தது. ஊரே பார்க்கிற படத்தில் என்னை என் குணத்தோடு எழுதியிருந்தால் தைரியசாலி என்று ஒத்துக்கொண்டிருப்பேன். இப்படி நல்லவளாக்கி ஓடவிட்டால் என்ன அர்த்தம்? யார் கேட்டார்கள்?

பிறகு பெயர்கள் ஓடின. கதை, வசனம்: ம. பூங்கொடி.

பெண் பிறந்தால் பூங்கொடி என்று வைக்கலாம் என்றிருந்தேன். பிள்ளைக்குச் சின்ன வயதில் எண்ணெய் தேய்க்கும்போது விளையாட்டாகச் சொல்லியிருப்பேன். இப்படித்தான், வாய் சும்மா இருக்காமல் எதையாவது சொல்லிவிடுவது, அது எங்கேயோ போய் முளைப்பது.

"புள்ளையோட அய்யன் பேரு சின்னச்சாமியாச்சுங். 'ம' எங்கிருந்து வந்துச்சு?" என்று பொன்னாத்தா மெதுவாகக் கேட்டாள். அவளுக்குத் தெரியும் என் பெயர் மயிலாத்தாள் என்று.

"அச்சுப் பிழை" என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

நாளைக்குப் படக்குழு நம்மூர்த் தியேட்டருக்கு வருகிறதாம். ரைட்டரும் வருகிறாளாம். பொன்னாத்தா போஸ்டரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாள். வரட்டும். ஆயிரம் பேர் கைதட்டுவார்கள், விசாலாட்சி முதல் வரிசையில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் போய் என்ன செய்ய?

துவரம்பருப்பைப் பொறுக்கி வைத்தேன். வண்டு வந்துவிடும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தியேட்டருக்குப் போகவில்லை. பொன்னாத்தாவை மட்டும் அனுப்பினேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அரிசிம்பருப்பு சோறு ஆக்கினேன். சின்ன வெங்காயம் நிறைய, பூண்டு தட்டிப் போட்டு, இறக்கும்போது ஒரு கரண்டி நெய். எனக்கு இப்போது நெய் ஆகாது. அரிசியை ஒரு ஆளுக்கு அளந்தால் கை கூசுகிறது. இரண்டு ஆளுக்கு அளந்துவிட்டேன்.

பொன்னாத்தா போன் செய்தாள். "எல்லாரும் காருல உடுமலைக்குக் கெளம்பிட்டாங்க. நம்ம புள்ளை மட்டும் கோயம்புத்தூருக்குப் பஸ்சுல போகுதுங் அம்மிணி. அவிகளும் கூட இருக்காங்க, அன்னிக்குப் புளியமரத்தடியில நின்னாங்களே, அவிக. இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போறாங்க." அவளிடம் யார் கேட்டார்கள்?

சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு மூடினேன்.

ஓடவில்லை. அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். என் முட்டிக்கு ஓட்டம் ஆகாது. ஆட்டோவில் போனேன். செருப்புப் போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு போனேன். ஆட்டோக்காரனை மட்டும் வேகமாக ஓட்டச் சொன்னேன், ஏனென்றால் அவன் உருட்டிக்கொண்டு போனான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாதாரண நூல் புடவை, காதில் சின்னத் தோடு. மூக்கு அப்படியே என் மாமியார் மூக்கு. அதை இந்தக் குடும்பத்திலிருந்து யாரும் துரத்த முடியாது போலிருக்கிறது. நெற்றியோரம் இரண்டு நரை. எனக்குத் தெரியாமல் நரைத்திருக்கிறது.

ஜன்னல் கம்பியைத் தட்டினேன். திரும்பினாள். கனைத்தாள்.

"நா ஒண்ணும் ஓடி வரல. ஆட்டோலதான் வந்தேன். படத்துல காட்டற மாதிரி ஓடற ஆளு நானில்ல" என்றேன்.

"தெரியும்ங்கம்மா."

"தெரிஞ்சுமா அப்புடி எழுதுன?"

"நீங்க ஓடி வந்திருந்தா எப்புடி இருக்கும்னு ஒருக்காப் பாக்கணும்னு இருந்துச்சுங்கம்மா."

வெயில் கண்ணில் அடித்தது. பஸ்ஸின் நிழலில்தான் நின்றுகொண்டிருந்தேன், இருந்தாலும் அடித்தது.

"தயிர்ச்சாதத்த எதுக்கு வெச்ச? உனக்குத்தான் ஆகாதே?"

"நா அரிசிம்பருப்புன்னுதான் எழுதிக் குடுத்தேன். ஸ்க்ரீன்ல வெள்ளையாத் தெரியணும்னு அவங்க மாத்திட்டாங்க."

"அதான பாத்தேன்" என்றேன். எழுதியவளுக்கு வாய் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்குத்தான் இல்லை.

பக்கத்தில் அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். கூரையில் தலை இடிக்க நின்றுகொண்டு கும்பிட்டார். "நீங்க உக்காருங்க" என்றேன். "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஆக்கியிருக்குது. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க." தூக்குப்போசி ஜன்னல் கம்பிக்குள் நுழையவில்லை. அவர் படியிறங்கி வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நல்ல பழக்கம்.

வண்டி கிளம்பியது. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சொல்லலாமா, கூடாதா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு, "போயிட்டு வர்றேன்ங்கம்மா" என்றாள்.

எழவு வீட்டில் சொல்லக்கூடாது. பஸ் ஸ்டாண்டில் சொல்லலாம், அதற்குப் பதிலும் சொல்லலாம்.

"போயிட்டு வா, பூங்கொடி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பழக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல மூன்று வருஷம் எடுத்துக்கொண்டு, அதற்கும் ஆட்டோ பிடித்துப் போனவள் பொள்ளாச்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாத்தா, "தூக்குப்போசி எங்கீங் அம்மிணி?" என்றாள். அவளிடமே விட்டுவிட்டு வந்தேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். சிரிக்க என்ன இருக்கிறது? மூடி இறுக்கமாக உட்காரும் நல்ல போசி, என் கல்யாணச் சீர். கழுவி மதில்மேல் கவிழ்த்துவிட்டுப் போக அது ஒன்றும் தண்ணீர் டம்ளர் இல்லை. வீட்டுக்குள் வந்து என் கையில்தான் கொடுக்க வேண்டும்.